வலி மாத்திரை தீர்த்தமா? விஷமா?

நம் நாட்டில் கோவில் இல்லாத தெருவைக் கண்டாலும் காணலாமே ஒழிய, வலி மாத்திரை இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. தலைவலி என்றால் ஒரு மாத்திரை, பல்வலி என்றால் ஒரு மாத்திரை, காலையில் மூட்டை தூக்கப் போகும் முன் ஒன்று, இரவில் அலுத்து வந்து படுக்கும் முன் ஒன்று என்பதாக, முன்னே விபூதி முடிந்து வைத்திருந்த மடியில் இன்று மாத்திரைப் பட்டை ஏறி உட்கார்ந்திருக்கிறது. விபூதியைப் பற்றிக் கேள்வி கேட்டால் எப்படிக் கோபம் வருமோ, அப்படியே இந்த மாத்திரையைப் பற்றி, "இது என்ன மருந்து? உள்ளே போய் என்ன செய்கிறது? எத்தனை நாள் சாப்பிடலாம்?" என்று கேட்டாலும், கொடுக்கிறவருக்கும் கோபம் வருகிறது, வாங்குகிறவருக்கும் கோபம் வருகிறது. ஆகவேதான் இவ்விஷயத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியதாயிற்று.

நமக்குப் பல காலமாய்ப் பழக்கமான கைத்தறித் தோழர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. குழித்தறியில் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்து போனவர். வாரக்கூலி வாங்கியதும் அவர் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். டாக்டர் சீட்டும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. "கால்வலிக்கு ஒரு செட்டுக் கொடு" என்பார். கடைக்காரர் மூன்று நிறத்தில் மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். இப்படியே எட்டு மாதம் நடந்தது. ஒரு நாள் காலையில் மலம் தார் போலக் கறுப்பாய்ப் போயிற்று. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தறிக்குழியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிந்து கொண்டிருந்தது தெரிந்தது. "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "மருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லைங்க, சும்மா வலி மாத்திரைதான்" என்றாராம்.

தோழர் பிழைத்துக்கொண்டார். பிழைத்து வந்ததும் வீட்டார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். பெயர் தெரியாத யாரோ கொடுத்த இரத்தத்தால் பிழைத்ததற்கு நன்றி அம்மனுக்குப் போயிற்று. மாத்திரையால் வந்த கேட்டிற்குப் பழி அண்டை வீட்டுக்காரியின் கண்ணுக்குப் போயிற்று. மாத்திரை மட்டும் நன்றியும் இல்லாமல், பழியும் இல்லாமல் மறுபடியும் அவர் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது. ஏன் என்று கேட்டோம். "நீங்கள் சொல்வது சரிங்க. ஆனால் முழங்கால் கேட்க மாட்டேன் என்கிறதே, தறியில் இறங்காவிட்டால் அடுப்பு எரியாதே, என்ன செய்யட்டும்?" என்றார். "சாப்பிடாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது நமக்குச் சுலபம். ஆனால் அது அவருக்குப் பதிலாகாது. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

இந்த மாத்திரை விஷயத்தில் நம் மக்கள் இரண்டு கட்சியாய் இருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு மாத்திரை என்பது தீர்த்தம். வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது. இன்னொரு கட்சிக்கு அது விஷம். இங்கிலீஷ் மருந்து என்றாலே சூடு, குடல் வெந்துபோகும், ஆகையால் பாட்டி சொன்ன பொடியே போதும் என்பது. ஒன்று பக்தி, மற்றொன்று பயம். இரண்டு கட்சியாரும் பார்வைக்கு எதிரிகளாய் இருந்தாலும், கேள்வி கேட்பதில்லை என்ற ஒரு விஷயத்தில் இருவரும் அண்ணன் தம்பிகளே ஆவார்கள்.

முதலாவதாக, இம்மருந்துகளால் உண்டான நன்மையைப் பேசுவோம். வலி என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டில் வெகுகாலமாய் ஒரே பதில்தான் இருந்து வந்தது. பூர்வ ஜென்ம பாவம், தலையெழுத்து, தெய்வக் குற்றம் என்பதே அந்தப் பதில். பெண்ணுக்கு மாதந்தோறும் வயிற்றைப் பிசைகிற வலி வந்தால் "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று சொல்லி, வலியோடு கூடத் தீட்டு என்ற அவமானத்தையும் தலையில் ஏற்றி மூலையில் உட்கார வைத்தார்கள். அந்த வலி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து பார்த்தவர்களுக்கோ பாவமும் தென்படவில்லை, தீட்டும் தென்படவில்லை. கருப்பையின் உட்சுவரில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள் அதிகப்படுவதால் கருப்பை அழுத்தமாய்ச் சுருங்குகிறது, அதனால் வலிக்கிறது என்பது தெரிந்தது. அந்தப் பொருள் உண்டாவதைக் குறைக்கிற இபுபுரூபன், மெபினாமிக் அமிலம் போன்ற மருந்துகள் அந்த வலியைக் குறைக்கின்றன. ஆயிரம் வருஷமாய்ப் புராணம் செய்யாத காரியத்தை ஒரு மாத்திரை அரைமணி, ஒரு மணியில் செய்கிறதென்றால், அதைப் பயன்படுத்திக் கொள்வதில் என்ன வெட்கம் என்று கேட்கின்றோம்.

இம்மருந்தின் பிறப்பையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1763-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ என்னும் மரத்தின் பட்டையைக் காயவைத்துப் பொடித்து, காய்ச்சல்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பலனை ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார். அவர் பாதிரியாராய் இருந்தும், ஜெபத்தால் குணமாயிற்று என்று எழுதாமல், எவ்வளவு கொடுத்தேன், என்ன ஆயிற்று என்று எழுதியதினாலேயே அது மருந்துக்கு வழியாயிற்று. 1899-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் ஆஸ்பிரினை அந்தப் பெயரால் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பூட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்த இபுபுரூபன் 1969-இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் டைக்ளோபினாக், நாப்ராக்சன், அசிக்ளோபினாக், நிமிசுலைடு என்று ஒரு குடும்பமே பெருகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்து எழுபது வருஷத்திற்கு மேலாகியும், அது எப்படி வேலை செய்கிறதென்பது விளங்காமலே இருந்தது. 1971-இல்தான் லண்டனில் ஜான் வேன் என்பவர், இம்மருந்துகள் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். இதற்காக அவருக்கு வேறு இருவருடன் சேர்த்து 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒரு விஷயத்தை நம் மக்கள் புரிந்துகொண்டால் மற்ற யாவும் தாமாகவே புரிந்துவிடும்.

எப்படியெனில், புரோஸ்டாகிளாண்டின் என்பது வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதற்கு மாத்திரம் உடம்பில் வைக்கப்பட்ட வேலைக்காரன் அன்று. அவன் பல இடத்தில் பல வேலை பார்க்கிறவன். அடிபட்ட இடத்தில் வீங்கச் செய்து வலியைத் தூண்டுகிறான். அதே சமயம் இரைப்பையில், அங்கே சுரக்கும் அமிலம் இரைப்பையையே தின்றுவிடாமல் மேலே வழவழப்பான பூச்சுப் பூசிக் காக்கிறான். சிறுநீரகத்தில், உடம்பில் தண்ணீர் குறையும்போதும் இரத்த ஓட்டம் நின்றுவிடாதபடி குழாயைத் திறந்து வைக்கிறான். முழங்காலில் அவன் செய்கிற தொல்லையைத் தடுப்பதற்காக நாம் மாத்திரையைப் போட்டால், அது முழங்காலை மாத்திரம் தேடிக்கொண்டு போகாது. இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சென்று, எங்கெங்கே அவன் இருக்கிறானோ அங்கெல்லாம் அவன் கையைக் கட்டுகிறது. ஆகவே நன்மையும் தீமையும் ஒரே செய்கையின் இரண்டு பக்கங்களாய் இருக்கின்றன. பக்க விளைவே இல்லாத வலி மாத்திரை என்று ஒருவன் சொன்னால், அவன் விஷயம் தெரியாதவனாய் இருக்க வேண்டும். அல்லது விற்கிறவனாய் இருக்க வேண்டும்.

இனி இதில் புகுந்துள்ள மூடநம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"சோறு தின்றுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு எரிச்சல் வருவதும், சாப்பிட்ட பின் போட்டால் அந்த எரிச்சல் குறைவதும் உண்மைதான். ஆனால் புண் உண்டாவது மாத்திரை வயிற்றைத் தொடுவதால் மாத்திரம் அன்று. இரத்தத்தின் வழியாக வந்து காவலைக் குலைப்பதாலும் ஆகும். ஊசி வழியாய்ப் போட்டாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. மேலும் எரிச்சல் இருந்தால்தான் புண் என்பதும் இல்லை. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் நேரே இரத்தக் கசிவில் போய் நிற்பவர்கள் உண்டு. நம் தறிக்காரத் தோழர் ஒரு நாளாவது வயிறு எரிகிறதென்று சொன்னவரல்லர்.

"கூடவே கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்" என்பது இன்னொன்று. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை இரைப்பைப் புண்ணின் ஆபத்தைக் குறைக்கிறதென்பது மெய். ஆனால் அது சிறுநீரகத்திற்கும் இருதயத்திற்கும் காவல் நிற்பதில்லை. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போல்தான் ஆகும்.

"வெயிலில் வேலை செய்கிறவன் உடம்பு இரும்பு, அவனுக்கு என்ன செய்யும்?" என்பது மூன்றாவது. காரியம் இதற்கு நேர் விரோதமாய் இருக்கிறது. சித்திரை வெயிலில் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வியர்த்துக் கொட்டுகிறவனுடைய சிறுநீரகம், அந்தச் சமயத்தில் புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் இரத்தம் பெற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாத்திரை போட்டால் அதன் கழுத்தைப் பிடித்தது போலாகும். இரத்த அழுத்தத்திற்காகச் சில வகை மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதையும் மூன்றாவதாய்ச் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இனி இருதய விஷயம். இதில்தான் உலகம் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை வேண்டும் என்று தேடி, அமெரிக்காவில் மெர்க் கம்பெனியார் ரோபிகாக்சிப் என்ற மருந்தைச் செய்து, வயாக்ஸ் என்ற பெயரால் 1999-இல் சர்க்கார் அனுமதி பெற்று விற்றார்கள். எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது விற்றது. 2000-இல் சுமார் 8,000 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. பழைய மருந்தாகிய நாப்ராக்சனைச் சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப் புண் தொல்லை பாதிக்குப் பாதி குறைவாய் இருந்தது. ஆனால் மாரடைப்பு அதிகமாய் இருந்தது. இதைக் கண்டதும் யோக்கியமாய்ச் செய்ய வேண்டியது என்ன? ஏன் அதிகம் என்று உடனே கேட்டிருக்க வேண்டும். கம்பெனியார் சொன்ன சமாதானமோ, "எங்கள் மருந்து இருதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்சன்தான் இருதயத்தைக் காப்பாற்றுகிறது" என்பதாய் இருந்தது. விற்பனை நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக, ஒரு கூட்டத்தாருக்கு வயாக்ஸும் மற்றொரு கூட்டத்தாருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து நடத்திய வேறொரு சோதனையில் உண்மை மறைக்க முடியாமல் வெளிவந்தது. மாவு மாத்திரை இருதயத்தைக் காப்பாற்றுகிறதென்று யாரும் சொல்ல முடியாதல்லவா? 18 மாதத்திற்கு மேல் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு பங்காய்க் காணப்பட்டபடியால், 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி கம்பெனியாரே மருந்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2007-இல் வழக்குகளைத் தீர்ப்பதற்காக 485 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் நம் பொடிக் கட்சியார், "பார்த்தீர்களா, விஞ்ஞானத்தின் யோக்கியதை!" என்று கைகொட்டிச் சிரிக்கலாம். அவர்களை ஒன்று கேட்கின்றோம். அந்த மருந்து கெடுதல் என்று கண்டுபிடித்தது யார்? ஜோசியர் கண்டுபிடித்தாரா? சாமியாடி சொன்னாரா? எண்ணிப் பார்த்தவர்களும், ஒப்பிட்டுப் பார்த்தவர்களும், கம்பெனிக்காரர் சமாதானத்தை நம்ப மறுத்தவர்களுமே கண்டுபிடித்தார்கள். முதலாளியின் பேராசை உண்மையை நான்கு வருஷம் தள்ளிப் போட்டது. ஆனால் விஞ்ஞான முறை அதைக் கடைசியில் பிடித்து வெளியே இழுத்தது. தப்பென்று ருசுவானதும் கைவிடப்பட்ட ஒரு மாத்திரையைக் காட்ட முடிகிறது. அதுபோல் பலிக்கவில்லை என்று ருசுவானதற்காகக் கைவிடப்பட்ட ஒரு தாயத்தை எவராவது காட்டட்டும், பார்ப்போம்.

வயாக்ஸ் போய்விட்டதால் மற்றவை பத்தரைமாற்றுத் தங்கம் என்று நினைக்கவும் கூடாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றாய்ச் சேர்த்துக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்ட முடிவு இது: டைக்ளோபினாக் மருந்தையோ, வயாக்ஸ் வகையைச் சேர்ந்த மருந்தையோ அதிக அளவில் ஒரு வருஷம் சாப்பிடுகிற ஆயிரம் பேரில், சாப்பிடாதவர்களைவிட மூன்று பேர் அதிகமாய் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றிற்கு ஆளாகிறார்கள், அதில் ஒருவர் சாகிறார். ஆயிரத்தில் மூன்று என்பது பயந்து ஓட வேண்டிய கணக்கன்று. இரண்டு நாள் பல்வலிக்குப் போடுகிறவரின் கணக்கும் அதுவன்று. ஆனால் முன்பே இருதய நோய் உள்ளவருக்கு அந்தக் கணக்கு ஏறும். லட்சக்கணக்கான பேர் கேள்வி கேட்காமல் வருஷக்கணக்காய் விழுங்குகிற நாட்டில், ஆயிரத்திற்கு ஒருவர் என்பது ஊர் ஊராய் எத்தனை வீட்டில் இழவு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்.

இம்மருந்து நம் நாட்டில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தன. லட்சக்கணக்காய் இருந்தவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்து போயின. ஜடாயுவுக்கு மோக்ஷம் கொடுத்த கதையைப் படிக்கிற நாட்டில் கழுகு ஏன் சாகிறதென்று அறிய எந்தப் புராணமும் உதவவில்லை. செத்த பறவையை அறுத்துப் பார்த்தவர்கள்தான் 2004-இல் காரணத்தைச் சொன்னார்கள். மாட்டின் வலிக்காகப் போட்ட டைக்ளோபினாக், அந்த மாடு செத்தபின் அதன் மாமிசத்தின் வழியாய்க் கழுகுக்குள் போய், அதன் சிறுநீரகத்தைப் பாழாக்கியது என்பதே அது. 2006-இல் இந்திய சர்க்கார் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கென்று செய்யப்பட்ட பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அந்தக் குப்பியையும் சிறிதாக்க உத்தரவிட்டார்கள். நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சியிருக்கிற சில பாறுக் கழுகுகள் இந்தக் கதைக்குச் சாட்சி. கழுகின் உடம்பு வேறு, மனிதன் உடம்பு வேறு என்பது வாஸ்தவம். ஆனால் ஒருவனுக்கு நன்மையானது இன்னொருவனுக்கு எமனாகலாம் என்பதையும், கேட்டுப் பாராமல் கொடுப்பதன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் இதைவிடத் தெளிவாய் வேறெது காட்டும்?

நிற்க, "விஷம்" கட்சியாரின் புகலிடமாகிய மூலிகைப் பொடியையும் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். வில்லோப் பட்டையிலிருந்தே இந்த மருந்து வம்சம் கிளம்பியிருக்கும்போது, செடியில் மருந்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "மூன்றே நாளில் மூட்டுவலி பறந்துவிடும், பக்க விளைவே கிடையாது" என்று சொல்லி விற்கப்படும் சில சரக்குகளுக்குள் இருப்பது என்ன? அமெரிக்காவில் ஆர்ட்ரி கிங் என்று மூட்டுவலிக்காக விற்ற இயற்கைச் சரக்கைச் சோதித்துப் பார்த்தபோது, சீட்டில் எழுதப்படாத டைக்ளோபினாக்கும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டும் உள்ளே இருந்ததை அந்நாட்டு மருந்து நிர்வாகத்தார் 2022-இல் வெளியிட்டு எச்சரித்தார்கள். அதாவது, எந்த இங்கிலீஷ் மருந்துக்குப் பயந்து ஓடினார்களோ, அதையே பெயரும் அளவும் தெரியாமல், துணைக்கு ஸ்டிராய்டையும் சேர்த்து, பக்தியோடு விழுங்கியிருக்கிறார்கள். பெயர் எழுதிய மாத்திரையையாவது இன்னதென்று கேட்கலாம். பெயரே எழுதாத பொடியை யாரிடம் கேட்பது?

ஆகவே பக்தியும் வேண்டாம், பயமும் வேண்டாம் என்றால், வேறு என்னதான் செய்வது என்று கேட்கலாம். செய்யவேண்டியது கேள்வி கேட்பது ஒன்றேயாகும். கடையில் நின்று, "இதன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பத்துக் கம்பெனிக்காரர் பத்துப் பெயர் வைத்து ஒரே சரக்கை விற்கிறபடியால், இரண்டு நிறத்தில் இரண்டு மாத்திரை என்று நினைத்து ஒரே மருந்தை இரட்டிப்பாய் விழுங்குகிறவர்கள் அநேகர். கத்தரித்துக் கொடுக்கும் துண்டில் பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம். டைக்ளோபினாக், நிமிசுலைடு போன்றவை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை என்று நம் நாட்டுச் சட்டமே சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மாத்திரை மிட்டாய் போல் கடையில் இருக்கிறது. ஈரலுக்குக் கெடுதல் என்று பின்லாந்து சர்க்கார் 2002-இலும், அயர்லாந்து சர்க்கார் 2007-இலும் விற்பனையை நிறுத்திய நிமிசுலைடை, நம் சர்க்கார் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாதென்று சொல்ல 2011 வரை ஆயிற்று என்பதையும் மறக்க வேண்டாம்.

அன்றியும் சிலர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். வயிற்றில் புண் இருந்தவர்கள், சிறுநீரகமோ இருதயமோ பழுதானவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுபத்தைந்து வயது கடந்தவர்கள், ஆஸ்துமாவில் இம்மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள், அதிலும் ஐந்தாவது மாதத்திற்குப் பிறகு, தாமாக வாங்கிப் போடவே கூடாது. வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகத்திற்கும் இருதயத்திற்கும் கெடுதல் நேரும். காய்ச்சல் இன்னதென்று தெரியாத மழைக்காலத்தில் இவற்றைப் போட்டால், அது டெங்குவாய் இருக்கும்பட்சத்தில் இரத்தக் கசிவுக்கு வழி வெட்டியதாகும். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு அளவோடு கொடுக்கத் தக்கது பாரசிட்டமால். அதுவும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வளர்ந்தவர்க்கு ஒரு நாளைக்கு நாலு கிராமைத் தாண்டலாகாது. எந்த வலி மாத்திரையானாலும், தேவையான மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள் என்பதே விதி. மலம் கறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், கால் வீங்கினாலும், நெஞ்சு அடைத்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் இருதய நோய்க்காக டாக்டர் தினம் கொடுக்கிற சிறிய ஆஸ்பிரினை, இதைப் படித்துவிட்டுத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அது வேறு காரியத்திற்காக, வேறு அளவில், உயிரைக் காப்பதற்காகக் கொடுப்பது.

இனி நம் தறிக்காரத் தோழருக்கு நாம் சொல்லும் பதில். அவருக்கு வலி இருக்கிறதென்பது பொய்யன்று. அதைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. முழங்காலை ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். தேய்மானம்தான் என்றால், மேலே பூசுகிற டைக்ளோபினாக் களிம்பு முழங்கால் வலியைக் குறைக்கிறது. அது இரத்தத்தில் கலப்பது வெகு சொற்பமானபடியால் ஆபத்தும் மாத்திரையைவிடக் குறைவு. தொடைச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சி மெதுவாய் வேலை செய்தாலும் நிச்சயமாய் வேலை செய்கிறது. இரத்தம் கசிந்த வயிற்றுக்காரர் மறுபடி மாத்திரை போடலாமா என்பதை அவருக்கு இரத்தம் ஏற்றிய டாக்டர்தான் சொல்ல வேண்டும். செட்டுக் கட்டுகிற கடைக்காரர் சொல்லக்கூடாது.

ஆனால் இவ்வளவோடு பதில் முடிந்துவிடாது. அறுபது வயதுக்கு மேல் முழங்கால் தேய்ந்த ஒருவர் தறிக்குழிக்குள் இறங்கினால்தான் அன்றைய உலை கொதிக்கும் என்று வைத்திருப்பது யார்? ஒரு நாள் ஓய்வுக்குக் கூலி இல்லை. குழிக்குப் பதிலாய் மேடைத்தறி போட்டுக்கொள்ளப் பணம் இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரைநாள் பிழைப்புப் போகிறது. வலி என்பது உடம்பு தன் எஜமானிடம் செய்துகொள்ளும் முறையீடு. நம் தொழிலாளியின் உடம்பு முறையிடும்போதெல்லாம், அதைக் கேட்டுப் பரிகாரம் செய்வதைவிட்டு, மலிவான ஒரு மாத்திரையைக் கொடுத்து வாயை அடைத்து மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறோம். அன்று "தலைவிதி, பொறுத்துக்கொள்" என்று சொல்லி வேலை வாங்கினார்கள். இன்று "மாத்திரை போட்டுக்கொள்" என்று சொல்லி வேலை வாங்குகிறார்கள். வாங்குகிற வேலையில் மட்டும் மாறுதல் ஒன்றும் இல்லை.

ஆதலால் தோழர்களே! மாத்திரை தீர்த்தமும் அன்று, விஷமும் அன்று. அது மனிதன் புத்தியால் கண்டுபிடித்த ஒரு கருவி, கத்தி போன்றது. கத்தியைக் கும்பிடுகிறவனும் மடையன், கத்திக்குப் பயந்து பல்லால் கடித்துக் காய் நறுக்குகிறவனும் மடையன். வீட்டுக்குப் போனதும் பெட்டியில், மடியில், சட்டைப்பையில் இருக்கிற மாத்திரைப் பட்டையை எடுத்து, அதன் முதுகில் எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் உடம்புக்குள் போவதன் பெயரைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதைக் கேட்டால் கோபிக்கிறவர் டாக்டரானாலும் சரி, கடைக்காரரானாலும் சரி, அவர் கோபத்திற்காக உங்கள் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லவே இல்லை.